ஆட்சேபனை உண்டா என்று கேட்பார்கள்

கண்ணா,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. உனக்கு அனுப்பும்போதே உன் மாமாவுக்கு ஒரு பிரதியும், உங்கள் சுடும் கூட்டத்துத் தொப்பிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு பிரதியும் போகும். நம் வீட்டில் காதோடு காதாகச் சொன்ன வார்த்தைகளால்தான் இவ்வளவும் கெட்டது. அதனால் ஊர் படிக்கும்படியே எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, வேலைக்காகப் போயிருக்கும் புனேயிலிருந்து கூப்பிட்டு, "அம்மா, மாமாவைப் பத்தி போலீஸ்காரன்கிட்ட சொன்னது நீயா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். அது பொய். சொன்னது நான்தான். சொல்லி முடித்து, வந்தவரை வாசல்வரை அனுப்பிவிட்டு, உள்ளே போய் ஒரு டம்ளர் காபி கலந்து நிதானமாகக் குடித்தேன். இருபது வருஷத்தில் அவ்வளவு ருசியாக ஒரு காபி நான் குடித்ததில்லை. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

உனக்கு இருபத்தொன்று முடிந்த வாரமே துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டாய். தாத்தாவின் ரைஃபிளை உன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாய். மாமாவும் நானும் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும், ஒரு மாதத்தில் கையில் வந்துவிடும் என்று உன் கூட்டத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். வந்தது ஒரு நோட்டீஸ். 'விண்ணப்பதாரரின் தாயாருக்கு முன்பு மனநிலை காரணமாக உரிமம் மறுக்கப்பட்டுள்ளது, தாய்மாமனின் உரிமம் புதுப்பித்தல் அதே காரணத்தால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, விளக்கம் தருக.' மாமாவைப் பற்றி 'நெருங்கிய உறவினர் ஒருவர்' சொன்னதாக அதில் இருந்தது. உன் மாமாவை, என் அண்ணாவைக் குறிபார்த்து நான் அடித்தது சுற்றிக்கொண்டு உன்மேல் வந்து விழுந்தது. குறி தவறியதே இல்லை என்று பெருமைப்பட்டுக்கொள்கிறவள் செய்த தவறு அது. ஏன் அடித்தேன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. ரொம்பத் தாமதமாகச் சொல்கிறேன்.

நம்மைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் அக்கா தம்பியா என்று கேட்பார்கள், உனக்கும் அது பெருமை. நீ பிறந்தபோது எனக்கு இருபது வயது. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சை எழுதினேன். அதற்கு முந்தின இரண்டு வருஷமும் நான் கல்லூரி என்.சி.சி.யில் சுடும் அணியில் இருந்தேன். எங்கள் வலியசாலை அக்கிரகாரத் தெருவில் நான் துப்பாக்கி பிடிப்பது ஒரு கேலியாகவே ஓடியது. "ஐயராத்துப் பொண்ணு தோக்கு தூக்கிண்டு போறா, இனி கோலம் போடறதுக்கு யாரு?" என்பார்கள். என் அப்பா பொன்முடிப் பாதையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். பன்றி விரட்ட அவரிடம் உரிமத்தோடு ஒரு பாயிண்ட் டூ டூ ரைஃபிள் இருந்தது. கல்லூரிப் போட்டியில் நான் கோப்பை வாங்கி வந்த அன்று, அண்ணாவும் உட்கார்ந்திருக்கும்போதே, "எனக்கப்பறம் இது இவளுக்கு" என்று அப்பா சொன்னார். அண்ணா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "ஆம்பளப் பிள்ளை ஒருத்தன் இருக்கறச்சேயா?" என்றார். அப்பா மோர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் எதையும் எழுதி வைக்கிறவர் இல்லை.

உனக்கு ஐந்து மாதம் ஆனபோது என் அப்பா காலமாகிவிட்டார். அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதை உன் அப்பாவுக்கே முழுசாகச் சொன்னதில்லை. காரணமில்லாமல் அழுவேன். உன்னைக் குளிப்பாட்ட உட்கார்ந்தால் கை நடுங்கும், நழுவ விட்டுவிடுவேனோ என்று. நீ தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்து வைத்துப் பார்ப்பேன். இன்றைக்கு அதற்கு ஒரு பெயர் உண்டு, மருந்தும் உண்டு. அன்றைக்கு "எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார்கள். ஒருநாள் அண்ணா உன்னைப் பார்க்க வந்தபோது தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அண்ணா, எனக்கே என்னைக் கண்டா பயமா இருக்கு. கொழந்தையை என்கிட்ட தனியா விடாதீங்கோ." அவர் என் தலையில் கைவைத்து, "சாரமில்லைடி, ஒண்ணுமில்லை, சரியாப் போகும்" என்றார். அந்தக் கையின் சூடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் பிறகு அவர் செய்ததை மறக்கவும் முடியவில்லை.

அப்பாவின் ரைஃபிளை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் போட்டிருந்தேன். ஆறு மாதம் கழித்து மறுப்பு வந்தது. அலைந்து திரிந்து நகல் எடுத்துப் பார்த்தேன். விசாரணைக்கு வந்தவரிடம் அண்ணா கொடுத்த வாக்குமூலம்: 'பிரசவத்துக்குப் பிறகு தங்கைக்கு மனசு நேராக இல்லை. தனியாக உட்கார்ந்து அழுகிறாள். வீட்டில் குழந்தை இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.' நான்கு வாக்கியங்கள், நான்கும் உண்மை. அந்த அதிகாரி நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் மறுத்துத்தான் இருப்பேன். பொய் சொல்லியிருந்தால் எதிர்த்து வாதாடியிருக்கலாம். நான் நம்பிச் சொன்ன உண்மையை வைத்து என்னை அடித்தால் நான் எங்கே போய் முறையிடுவது? அந்த மறுப்புக் கடிதத்தோடு என் சுடுதலும் நின்றது. உலகத்தில் எதைத் தொட்டாலும் பதறிய என் கை, துப்பாக்கியைப் பிடித்தால் மட்டும் அசையாது இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதமே அவர் ரைஃபிளைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு, என் கையெழுத்துக்காக வந்தார். போடவில்லை. அன்றிலிருந்து அது கிழக்கேகோட்டைப் பக்கத்தில் ஒரு துப்பாக்கிக் கடையின் காவலில் கிடக்கிறது, அவருக்கும் இல்லாமல் எனக்கும் இல்லாமல். அவர் பிறகு நெடுமங்காட்டில் வாங்கிய தோட்டத்தைக் காட்டித் தனக்கென்று ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கிக்கொண்டார். ஆனாலும் வருஷம் தவறாமல் ஆயுத பூஜையன்று கடைக்குப் போய் அப்பாவின் ரைஃபிளுக்கு விபூதி இட்டுவிட்டு வருவார். நான் மத்தியானம் போவேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்து வைப்பார். ஈரத்துணியால் அவர் இட்ட பட்டையைத் துடைத்துவிட்டு நான் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். நீ ஆறேழு வயதில் கூட வந்து, "ஏம்மா அழிக்கறே, நன்னாத்தானே இருக்கு?" என்று கேட்டாய். "தூசிடா" என்றேன். வருஷத்துக்கு ஒருநாள் அப்படித் துடைப்பதற்காகவே மற்ற நாட்களை அவரோடு சிரித்துப் பேசிக் கழித்தேன். நான்கு வீடு தள்ளி இருக்கிறார், தீபாவளிக்கு லேகியம் கொடுத்தனுப்புகிறேன், உன் மாமி, என் மன்னி, படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மூன்று மாதம் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். எல்லாம் மனசாரத்தான். பழியும் மனசாரத்தான் இருந்தது. இரண்டும் ஒரே மனசில் இருக்குமா என்று உனக்கு இந்த வயதில் சந்தேகம் வரும். இருக்கும்.

பிறகு நீ அந்தத் தொப்பிக் கூட்டத்தில் சேர்ந்தாய். கல்லாறு தாண்டி, கொண்டைஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால், மூடிக் கிடந்த ஒரு தேயிலை லாரி ஷெட். அதற்குப் பின்னால் பலகைமேல் இரும்புத் தட்டுகளை வரிசையாக நிறுத்தி, அகலத் தொப்பியும் தோல் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு, அமெரிக்கக் குதிரைக்காரர்கள் மாதிரி காற்றுத் துப்பாக்கியால் 'டங் டங்' என்று சுடுகிறீர்கள். உரிமம் தேவையில்லாத துப்பாக்கிதான், ஆனாலும் ஒழுங்குக்குக் குறைவில்லை. குழல் எப்போதும் தட்டுகளின் பக்கமே பார்க்க வேண்டும். தொப்பி தலையில் இருக்கும்வரை யாரையும் சொந்தப் பெயரில் கூப்பிடக் கூடாது. தவறிக் கூப்பிட்டவர் ஓடிப்போய்த் தட்டுகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். நீ 'கல்லாறு கிட்', மாமா 'வலியசாலை ஷெரீஃப்'. ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "அம்மா" என்று கூப்பிட்டே நீ நான்கு தடவை தட்டு நிமிர்த்தினாய். கடைசியில் 'கன் அம்மிணி' என்று எழுதி என் புடவையில் ஒட்டிவிட்டாய்.

அன்று மாமா ஐந்து தட்டில் இரண்டை மட்டும் அடித்தார். மன்னி காலமான பிறகு அவர் கை நடுங்குவதை நான் முன்பே கவனித்திருந்தேன். "அம்மிணி ஒண்ணு சுடட்டும்" என்று எல்லோரும் சத்தம் போட்டீர்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு குழலைத் தூக்கினேன். ஐந்துக்கு ஐந்து. நீ தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தாய். மாமா கொதிக்கும் டீயை ஊதிக்கொண்டே, "வெறும் லக்குடி" என்றார். அதைக்கூட விட்டிருப்பேன். பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தபோது அவர் எழுந்து பேசினார். உரிமம் வைத்திருப்பவர்கள் சங்கத்தில் அவர் செயலாளர் இல்லையா. "லைசன்ஸ் உள்ளவனைக் கள்ளனை மாதிரி பாக்கறா. எலெக்‌ஷன் வந்தா தோக்கைக் கொண்டு ஸ்டேஷன்ல வை. அஞ்சு வருஷம் கழிஞ்சா வரிசையில நில்லு. அதுவும் போறாதுன்னு, எவனோ ஒருத்தன் 'இவன் மனசு நேரே இல்லை'ன்னு வெறுதே ஒரு வார்த்தை சொன்னாப் போறும், உரிமை போச்சு! ஒரு வாய் வார்த்தைக்கு ஒரு மனுஷனோட உரிமையைப் பிடுங்கலாமா? கேக்கறேன், பிடுங்கலாமா?" எல்லோரும் கை தட்டினீர்கள். உன் கைதட்டல்தான் பலமாகக் கேட்டது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் ஒருமுறை பார்த்தார், சாதாரணமாக, உப்பு வேண்டுமா என்று கேட்கிற மாதிரி. மறந்தே போயிருந்தார். செய்ததைவிட அந்த மறதிதான் என்னைச் சுட்டது. திரும்பும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் நீ பிரேக் போட்டபோதெல்லாம், "சமயம் வரட்டும்" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதத்தில் சமயம் வீட்டு வாசலுக்கே வந்தது. மாமாவின் உரிமம் புதுப்பிக்கும் விசாரணை. வந்த போலீஸ்காரர் மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "சேச்சி, சேட்டனைப் பத்தி பராதி ஒண்ணும் இல்லல்லோ? ஒரு ஒப்பு போட்டா நான் போகலாம்" என்றார். புகார் இல்லை என்று கையெழுத்துப் போடுவது ஒரு நிமிஷ வேலை. நான் உட்காரச் சொன்னேன். மன்னி போனதிலிருந்து அண்ணாவுக்கு மனசு நேராக இல்லை, தனியாக உட்கார்ந்து அழுகிறார், வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். நகலில் படித்துப் படித்து மனப்பாடமான வரிகள், ஆளை மட்டும் மாற்றினேன். அதுவும் உண்மைதான், கண்ணா. முந்தின வாரம்தான் அண்ணா என்னிடம் சொல்லியிருந்தார்: "தூக்கமே இல்லைடி. அவ புடவையை எடுத்துப் பிரிக்கறேன், மடிக்கறேன், பிரிக்கறேன். எனக்கு என்னமோ ஆயிண்டிருக்கு." நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்து, "சாரமில்லை அண்ணா" என்றேன். பிறகு ஒருநாள், ஸ்டேஷனில் ஒப்படைப்பதற்காக அந்த இரட்டைக் குழலை வேட்டியில் சுற்றிக்கொண்டு அவர் போலீஸ்காரருக்குப் பின்னால் தெருவில் நடந்து போனதை மாடி ஜன்னலில் நின்று கடைசிவரை பார்த்தேன்.

நீ புனேக்குக் கிளம்புவதற்கு முன்னால், அலுவலக விசாரணைக்கு நீதான் அவரைப் பைக்கில் கூட்டிக்கொண்டு போனாய். "எதுக்கு உறவுக்காராளே இப்படிச் சொல்லணும்னு ஆஃபீசர் கேட்டார், மாமா வாயே திறக்கலை" என்று வந்து பொருமினாய். அவர் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். பழைய பகை என்று சொல்ல வேண்டுமானால் எதற்காகப் பகை என்பதையும் சொல்ல வேண்டுமே. வாயைத் திறந்தால் மானம் போகும், மூடினால் துப்பாக்கி போகும் என்று கணக்காகத்தான் மாட்டிவிட்டிருந்தேன். உன் விண்ணப்பம் திரும்பி வரும்வரை எனக்கு வருத்தம் என்று ஒன்றும் இருக்கவில்லை.

உன் ஃபோனை வைத்த மறுநாள் மத்தியானம் அண்ணா வீட்டுக்குப் போனேன். கட்டில் நிறைய மன்னியின் புடவைகள். "வாடி" என்றார். எப்படி ஆரம்பிப்பது என்று நான் நின்றுகொண்டிருக்கும்போதே, "நீன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"யார் சொன்னா?"

"ஆஃபீசர் வாசிச்சுக் காட்டினார். என்னோட வாசகம் ஆச்சே. எனக்குத் தெரியாதா?"

அப்படியானால் மறக்கவில்லை. அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. "தெரிஞ்சிண்டேதான் அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உரிமை, உரிமைன்னு பேசினேளா?"

"கொழந்தை இருந்தான்டி. நெஜமாவே பயந்தேன், கேட்டையா."

"பயந்திருந்தா என்னை டாக்டர்கிட்ட கூட்டிண்டு போயிருப்பேள். போலீஸ்காரன்கிட்ட எதுக்குச் சொன்னேள்?"

அவர் ஒரு புடவையின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். மடிப்பைத் தடவிக்கொண்டே, "எனக்கு அந்தத் தோக்கு வேண்டியிருந்தது" என்றார். இருபது வருஷமாக நான் கேட்க ஏங்கிய வாக்கியம். கேட்டதும் துள்ள வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் வேறொன்று புரிந்தது. அவரை நானும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஒருவர் தன் பயத்தை உன்னிடம் சொன்னால் அவரை எழுப்பி, கையைப் பிடித்து, போக வேண்டிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளாதே. சேர்த்து வைத்தால் ஒருநாள் எடுக்கத் தோன்றும்.

அதற்கு மறுநாளே அண்ணாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். துக்கம்தான், சரியாகும், மாத்திரை எழுதித் தருகிறேன், சில மாதத்துக்குத் துப்பாக்கி வீட்டில் வேண்டாம் என்றார். ஆக, இரட்டைக் குழல் இப்போதைக்குத் திரும்பாது. எனக்கு அதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, மறைக்கவில்லை. அண்ணாவும் அதைக் கவனித்து, "சிரிச்சுக்கோடி, சிரிச்சுக்கோ" என்றார்.

நேற்று இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். தங்கை நம்பிச் சொன்னதைத் தன் ஆதாயத்துக்காகப் போலீஸிடம் சொன்னதாக அவர் எழுத வேண்டும், அதற்குப் பழிவாங்கவே சொன்னேன் என்று நான் எழுத வேண்டும், உன் விளக்கத்தோடு இரண்டையும் சேர்க்க வேண்டும். இதுதான் நான் வைத்த ஏற்பாடு. "நீங்க முதல்ல எழுதுங்கோ" என்றேன். "சேர்ந்தே எழுதலாமேடி" என்றார். "முடியாது, முதல்ல நீங்க." எழுதினார். எழுத்து கோணலாக வந்தது. பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். 'மனசு நேராக இல்லை' என்பதற்குக் கீழே 'என்று சொன்னது சொத்துக்காக' என்று அவர் எழுதிய பிறகுதான் நான் பேனாவை வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெண் இரண்டையும் படித்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "இதுக்கு ஃபார்ம் ஒண்ணும் இல்லல்லோ சேச்சி" என்றாள். பிறகு அவளாகவே உன் கோப்பில் பின் அடித்து உள்ளே அனுப்பினாள். உன் உரிமம் வரும் என்றுதான் தோன்றுகிறது. வந்தால் ரைஃபிளையும் தோட்டாவையும் வேறு வேறு அலமாரியில் வைத்துப் பூட்டு, சாவியை யாரிடமும் கொடுக்காதே, கோபமாக இருக்கும் நாளில் இரண்டு அலமாரியையும் திறக்காதே.

ஆனால் அது வேறு ரைஃபிளாக இருக்கும். புதிதாக ஒன்று வாங்கிக்கொள். அதே கவுண்டரில் நான் இன்னொரு விண்ணப்பப் படிவம் கேட்டேன். "யாருக்குடி? அவனோடதுதான் உள்ளே இருக்கே" என்றார் அண்ணா. "எனக்கு" என்றேன். "அப்பாவோட ரைஃபிள் எனக்கு. உங்க தடையில்லைக் கையெழுத்து இங்கே, இந்த எடத்துல." அவர் என்னைப் பார்த்தார். "இன்னும் தீரலையாடி உனக்கு?" "தீரலை." போட்டார்.

நாற்பத்தொரு வயதில் உன் அம்மா உரிமம் கேட்கிறாள். பழைய மறுப்பு இருப்பதால் இந்தமுறை விசாரணை கடுமையாக இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். டாக்டர் சான்றிதழ் வாங்கிவிட்டேன். குடும்பத்தில் வயது வந்த எல்லோரிடமும் கேட்பார்களாம். மாமாவிடமும் உன் அப்பாவிடமும் நேரில். நீ வெளியூரில் இருப்பதால் உன்னை ஃபோனில் கூப்பிடுவார்கள். உன் எண்ணை நானே எழுதிக் கொடுத்தேன். உன்னைத் தனியாக என்னிடம் விடாதீர்கள் என்று நான் அழுததும், இருபது வருஷம் பகையை மடியில் கட்டிக்கொண்டு லேகியம் கிளறியதும், அண்ணாவின் அழுகையைப் போலீஸ்காரரிடம் சொன்னதும், உன்னிடம் ஃபோனில் கூசாமல் பொய் சொன்னதும் இப்போது உனக்குத் தெரியும். நான்கும் உண்மை. அம்மாவைப் பற்றி ஆட்சேபனை உண்டா என்று அவர்கள் கேட்கும்போது நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. ஃபோனை எடு, அவ்வளவுதான்.

அம்மா